லாச்சிக்குள் கிடந்த கடிதங்கள்

பெப்ரவரி மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை. என்னுடைய கைத்தொலைபேசிச் சார்ஜர் பழுதாகிவிட்டது. மூத்தவனிடம் இன்னொன்று இருக்கும் என்று அவனுடைய அறைக்குப் போனேன். அவன் வெளியே போயிருந்தான். மேசை லாச்சியை இழுத்தேன், பாதியில் இறுகி நின்றது. கையை உள்ளே விட்டால் முழுக்கக் கடிதங்கள். சுவிசில் வாழும் எல்லாருக்கும் தெரிந்த, அந்த யன்னல் வைத்த வெள்ளை உறைகள். எண்ணினேன். 23. ஒன்றுகூட உடைக்கப்படவில்லை.

மற்றவருடைய கடிதத்தை உடைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். அவனுக்கு 19 வயது. ஆனாலும் உடைத்தேன். முதலாவது, மாநிலத் தொழிற்கல்வி அலுவலகத்தில் இருந்து வந்தது. அவனுடைய 'லேர' ஒப்பந்தம் சனவரி நடுப்பகுதியோடு முடிந்துவிட்டது என்று உறுதிப்படுத்தி, அடுத்து என்ன செய்யலாம் என்று கதைக்க வரச்சொல்லி எழுதியிருந்தார்கள்.

சனவரி நடுப்பகுதி! அதற்குப் பிறகு ஐந்து கிழமையாக ஒவ்வொரு நாளும் காலை 6.20க்கு அவன் வேலைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டான். நான் சாப்பாடு கட்டிக் கொடுத்தேன். பின்னேரம் ஐந்தரைக்கு வெறும் பெட்டியோடு திரும்பி வந்தான். "வேலை எப்பிடித் தம்பி?" என்று கேட்டால் "ஓகே" என்பான். உண்மையில் அவன் ரயிலில் ஏறி அடுத்த நகரத்துக்குப் போய், நூலகம் திறக்கும்வரை ஸ்டேசனில் இருந்து, பிறகு நூலகத்துக்குள் இருந்து, நான் கட்டிக் கொடுத்த சோற்றைத் தனியச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறான்.

இதை எழுதலாமா என்று மகனிடம் கேட்டேன். எழுதியதை முழுவதும் வாசித்துக் காட்டினேன். "ஊரின்ர பேரும் வேலையிடத்தின்ர பேரும் போடாதேங்கோ. மற்றதை எழுதுங்கோ" என்றான். அவனுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். எங்களைப் போல இங்கே வளர்ந்து, இங்கே பிள்ளை வளர்க்கிற ஆட்களுக்காக.

பத்து வயதில் நான் பெரிய ஆள்

1983 கலவரத்துக்குப் பிறகு சுவிசுக்கு வந்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். 1986இல் அம்மாவும் நானும் வந்தோம். எனக்கு ஆறு வயது. அப்பா உணவகக் குசினியில் கோப்பை கழுவினார். அம்மா விடிய ஐந்து மணிக்கு வைத்தியசாலை துப்புரவு வேலைக்குப் போவா. இரண்டு வருடத்துக்குள் எனக்கு டொச் தண்ணீர் பட்ட பாடு. அதோடு வீட்டின் செயலாளர் வேலையும் என்னிடம் வந்துவிட்டது.

கெமைன்டவில் இருந்து வரும் கடிதம், கிராங்கன்காஸ கடிதம், வீட்டுக்காரருக்குப் பதில் எல்லாம் நான். பத்து வயதில் அலுவலக மேசைக்கு மேலால் தலை தெரிய நுனிக்காலில் நின்று கதைத்திருக்கிறேன். ஒருமுறை அம்மாவின் வயிற்று வருத்தத்தை டொக்டருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டி வந்தது. சில சொற்கள் எனக்கு டொச்சிலும் தெரியாது, தமிழிலும் தெரியாது. உங்களில் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும்.

என் பிள்ளைக்கு இப்படி ஒரு பாரம் வரக் கூடாது என்று நான் நினைத்தது இயற்கைதானே. அதனால் எல்லாவற்றையும் நானே செய்தேன். சுகமில்லை என்று பாடசாலைக்கு அறிவிப்பது நான். பல் வைத்தியருக்கு நேரம் எடுப்பது நான். 'லேர' தேடியபோது விண்ணப்பக் கடிதங்களைத் திருத்தியதும், கோப்புக்குள் வைத்ததும், தபால் பெட்டிக்குள் போட்டதும் நான். மகன் நான்கு மொழி கதைப்பான். ஆனால் ஒரு அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கதைத்தது கிடையாது. அவனுக்கு அப்படி ஒரு தேவை வர நான் விட்டதேயில்லை.

பிறகு 18 வயது வந்தது. நானும் கணவரும் "இனி நீ பெரிய ஆள், உன்ர கிராங்கன்காஸவை நீயே கட்டு, உன்ர கடிதத்தை நீயே பார்" என்று சொல்லி வங்கி அட்டையையும் கொடுத்துவிட்டோம். நல்ல பழக்கம் என்று நினைத்தோம். பதினெட்டு வருடம் தூக்கிக்கொண்டு நடந்த பிள்ளையை ஒரே நாளில் இறக்கிவிட்டு "ஓடு" என்று சொன்ன மாதிரித்தான் அது என்று இப்போது விளங்குகிறது.

பதினெட்டில் என்ன மாறுகிறது?

சுவிசில் சட்டப்படி வயதுக்கு வருவது 1996 சனவரி 1 வரைக்கும் 20 வயதில். அன்றிலிருந்து 18. எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பிறந்தநாளோடு வருபவற்றை நாங்கள் ஒரு கேக்கோடு முடித்துவிடுகிறோம். உண்மையில் வருவது இவை:

கிராங்கன்காஸவில் 18 வயது நிறைந்ததற்கு அடுத்த சனவரி 1 முதல் பிள்ளைக்குரிய கட்டணம் முடிந்து, 19 முதல் 25 வயது வரையானவர்களுக்கான கட்டணம் தொடங்கும். பிள்ளைகளுக்கு இல்லாத 'பிராஞ்சீஸ்', அதாவது வைத்தியச் செலவில் முதலில் நாங்களே கையால் கட்ட வேண்டிய தொகை, அப்போது வரும். ஆகக் குறைந்தது வருடத்துக்கு 300 பிராங், ஆகக் கூடியது 2500.

18 வயதாகும் ஆண்டில் இருந்து வரிப் படிவம் பிள்ளையின் பெயரில் வரும். லேரச் சம்பளம் குறைவு என்பதற்காகப் படிவத்தை நிரப்பாமல் விட முடியாது. நிரப்பாவிட்டால் அவர்களே ஒரு தொகையை மதிப்பிட்டு அனுப்புவார்கள்.

'ஆஹாஃபவ்' எனும் முதியோர் காப்புறுதிக்கு, வேலை செய்பவரிடம் 17 வயது நிறைந்த அடுத்த சனவரியில் இருந்து கழிப்பார்கள். வேலை இல்லாதவரும் 20 வயது நிறைந்த அடுத்த சனவரியில் இருந்து கட்ட வேண்டும். விடுபட்ட வருடத்தை ஐந்து வருடத்துக்குள் மட்டுமே நிரப்பலாம்.

கட்டாத பில்லுக்கு முதலில் 'மானுங்' என்ற நினைவூட்டல் வரும், பிறகு 'பெட்ரைபுங்' வரும். அந்தப் பதிவு ஐந்து வருடம் மற்றவர்கள் பார்க்கக்கூடியதாக இருக்கும். வாடகைக்கு வீடு கேட்கும்போது அந்தப் பதிவேட்டின் பிரதியைத்தான் முதலில் கேட்பார்கள். 19 வயதில் கட்டாமல் விட்ட சில நூறு பிராங் 23 வயதில் வீடு கிடைக்காமல் பண்ணும்.

இன்னொன்று எனக்கு நன்றாக உறைத்தது. 16 வயதில் அவன் லேர ஒப்பந்தம் எழுதியபோது எங்களுடைய கையெழுத்தும் வேண்டியிருந்தது. அதை முறித்தபோது அவனுடைய கையெழுத்து மட்டும் போதுமாக இருந்தது. எங்களுக்கு ஒருவரும் அறிவிக்கவில்லை. அறிவிக்க வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை.

அதே நேரம், 18இல் மாறாததும் இருக்கிறது. சுவிஸ் குடியியல் சட்டத்தின் 277ஆம் பிரிவின்படி, பிள்ளை வயதுக்கு வந்த பிறகும் பொருத்தமான ஒரு தொழிற்கல்வியை முடிக்கவில்லை என்றால், அதை முறைப்படி முடிக்கும்வரை, பெற்றோர் தங்களால் இயன்ற அளவுக்குப் பராமரிக்க வேண்டும். கல்வி தொடரும் காலத்துக்கான குடும்பக் கொடுப்பனவும் ஆகக் கூடியது 25 வயது வரை உண்டு. 2025 முதல் அது மாதம் குறைந்தது 268 பிராங். ஆக, "18 ஆகிவிட்டது, இனி அவன்ர பாடு" என்று சட்டமும் சொல்லவில்லை.

நான் செய்த பிழை

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் மகன் வந்தபோது 23 கடிதமும் உடைத்து, தேதி வாரியாக அடுக்கி, மேசையில் இருந்தன. என்ன சொன்னேன் என்று முழுக்க இங்கே எழுத மாட்டேன். "உனக்கு என்ன குறை வைச்சனாங்கள்?" என்று கேட்டது நினைவிருக்கிறது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. அறைக்குள் போய்க் கதவைப் பூட்டினான்.

திங்கட்கிழமை நான் வேலைக்கு லீவு போட்டேன். பத்து வயதில் செய்த வேலையை மறுபடியும் கையில் எடுத்தேன். காப்புறுதி நிறுவனத்துக்கு அடித்தேன். அந்தப் பெண் மிகவும் மரியாதையாக, "உங்கள் மகனே எடுத்துக் கதைக்கட்டும், அல்லது அவர் உங்களுக்கு எழுத்தில் அதிகாரம் தரட்டும்" என்றாள். தொழிற்கல்வி அலுவலகத்துக்கு அடித்தேன், அதே பதில். தொழிற்பாடசாலைக்கு அடித்தேன், அதே பதில். முப்பது வருடத்துக்கு மேலாக இந்த நாட்டு அலுவலகங்களோடு கதைத்து வென்றவள் நான். முதன்முறையாக ஒவ்வொரு கதவும் என்னிடம், "நீங்கள் இல்லை, அவர்" என்றது.

அம்மம்மா எங்களோடுதான் இருக்கிறா. அன்று இரவு குசினியில், "நீ பத்து வயசில செய்ததை இவன் பத்தொன்பது வயசிலயும் செய்யேலாமல் நிக்கிறான்" என்றா. எனக்கு விசர் வந்தது. ஆனால் படுக்கையில் யோசித்தேன். பத்து வயதில் எனக்குத் துணிவு இருந்ததா? இல்லை. வேறு ஆள் இல்லை, அதனால் செய்தேன். ஒவ்வொரு முறையும் வயிறு கலங்கும். அதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. மகனுக்கும் சொன்னதில்லை. அவன் கண்டது எல்லாவற்றையும் மளமளவென்று முடிக்கிற ஒரு தாயைத்தான். அப்படி ஒருத்தியிடம் போய் "எனக்கு ஒரு கடிதத்தை உடைக்கவே பயமாக் கிடக்கு" என்று எப்படிச் சொல்லுவான்?

மூன்றாம் நாள் அவனுடைய அறைக் கதவடியில், நிலத்தில் இருந்துகொண்டு அந்த டொக்டர் கதையைச் சொன்னேன். நீண்ட நேரம் சத்தம் இல்லை. பிறகு கதவு திறந்தது.

அவன் சொன்னதில் பெரிய மர்மம் ஒன்றும் இருக்கவில்லை. மின்னிணைப்பாளர் லேர நான்கு வருடம், அவன் மூன்றாவது வருடத்தில். இலையுதிர் காலத்தில் தொழிற்பாடசாலையில் புள்ளிகள் இறங்கின. இரவில் நித்திரை இல்லை. காலையில் எழும்ப ஏலாமல் சில நாள் சுகமில்லை என்று அறிவித்தான். பிறகு சில நாள் அறிவிக்காமலே நின்றான். இரண்டு எச்சரிக்கை வந்தது. கடைசியில் இரு பக்கமும் கையெழுத்து வைத்து முடித்தார்கள். முதல் கடிதம் வந்த அன்று அதைத் திறக்கப் பயந்து லாச்சிக்குள் போட்டான். இரண்டாவது வந்தபோது, முதலாவதைத் திறக்காமல் அதைத் திறக்க ஏலவில்லை. அவ்வளவுதான்.

கதவுக்கு வெளியே நாற்பது நிமிடம்

முதலில் போனது குடும்ப வைத்தியரிடம். நித்திரையின்மையும், ஒன்றிலும் மனம் பற்றாததும் வெறும் சோம்பல் இல்லை என்று அவர்தான் எங்களுக்கு விளங்கப்படுத்தினார். மகன் சில மாதம் உளவளத் துணைக்குப் போனான். இதை எழுதவா விடவா என்று கேட்டபோது, "அதைத்தான் கட்டாயம் எழுத வேணும்" என்றான்.

பிறகு 'பிட்ஸ்' எனப்படும் பேர்ண் மாநிலத்துத் தொழில் ஆலோசனை நிலையம். இப்படியான நிலையம் ஒவ்வொரு மாநிலத்திலும் இருக்கிறது. இந்த முறை நேரம் எடுத்தது அவன். என்ன சொல்ல வேண்டும் என்று முதல் வசனத்தை ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொண்டு அடித்தான். அவன் கதைக்கும்போது பக்கத்தில் நின்றால் நான் இடையில் பாய்ந்துவிடுவேன் என்று குசினிக்குள் போய் வெங்காயம் வெட்டினேன். அன்றைக்குக் கறிக்கு வெங்காயம் தேவைப்படவேயில்லை.

ஆலோசகர் அவனை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நான் எழும்பினேன். "அம்மா, நீங்கள் இதில இருங்கோ" என்றான் மகன். நாற்பது நிமிடம் தொழில் விளக்கக் கையேடுகளைப் பார்த்துக்கொண்டு வெளியில் இருந்தேன். சின்ன வயதில் நான் உள்ளே கதைப்பேன், அம்மா பக்கத்தில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் வாயைப் பார்த்தபடி இருப்பா. அன்றைக்குத்தான் அம்மாவின் பக்கத்தில் இருந்து அது எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது.

வெளியே வந்தபோது அவனிடம் ஒரு தாள் இருந்தது. செய்ய வேண்டியவை ஐந்து, அவனுடைய கையெழுத்தில்.

அங்கே அறிந்துகொண்ட சில விடயங்களைச் சொல்கிறேன். சுவிசில் கட்டாயப் பாடசாலை முடிக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தொழிற்கல்விக்குப் போகிறார்கள். அந்த லேர ஒப்பந்தங்களில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் இடையில் முறிகின்றன. அப்படி முறித்தவர்களில் பெரும்பாலானோர் மறுபடியும் ஒரு பயிற்சிக்குள் வந்துவிடுகிறார்கள், பலர் அதே தொழிலில் வேறு நிறுவனத்தில். பழைய வருடங்களைக் கணக்கில் எடுப்பார்கள், சிலவேளை ஒரு வருடம் திரும்பச் செய்ய வேண்டி வரும். நான்கு வருடப் பயிற்சி கடினமாக இருந்தால் இரண்டு வருட 'அட்டெஸ்ட்' பயிற்சி இருக்கிறது, அதை முடித்துவிட்டு மேலே போகலாம். ஐந்து வருட வேலை அனுபவம் உள்ள வளர்ந்தவர்கள், முறையான லேர செய்யாமலே இறுதிப் பரீட்சைக்குப் போகவும் சட்டத்தில் இடம் உண்டு.

ஆனால் நாட்கள் முக்கியம். ஒப்பந்தம் முறிந்த பிறகும் குறிப்பிட்ட காலத்துக்குத் தொழிற்பாடசாலைக்குத் தொடர்ந்து போக மாநிலங்கள் இடம் கொடுக்கின்றன. புது இடம் கிடைத்தால் வருடம் வீணாகாது. அந்தக் காலத்தில் ஐந்து கிழமை எங்களுடைய லாச்சிக்குள் கிடந்தது.

ஞாயிறு பின்னேரத் தேத்தண்ணி

வீட்டில் நாங்கள் ஒரு பழக்கம் கொண்டுவந்தோம். ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்குத் தேத்தண்ணி. கிழமை முழுக்க வந்த கடிதங்கள் மேசைக்கு வரும். எங்களுடையதும் வரும், அவனுடையதும் வரும். அவனுடைய கடிதத்தை அவனே உடைக்க வேண்டும், அவனே வாசிக்க வேண்டும். என்ன கேட்கிறார்கள், எத்தனையாம் தேதிக்குள் என்று அவனே சொல்ல வேண்டும். கேட்டால் மட்டும் நாங்கள் வாய் திறக்கலாம். அரை மணித்தியாலம். அதற்கு மேல் இல்லை.

இவருக்கு இது லேசாக வந்தது. எனக்குத்தான் பெரிய பாடு. அவன் ஒரு பந்தியை மூன்று தரம் வாசிக்கும்போது என் கை தானாக நீளும். கோப்பையைப் பிடித்துக்கொண்டு இருப்பேன்.

முதல் ஞாயிறு ஒரு உண்மை தெரிந்தது. 23 கடிதங்களிலும் காசு கட்ட வேண்டிய விடயம் மூன்றுதான். மற்றவை அதே பில்லுக்கான நினைவூட்டல்கள், பாடசாலை அறிவித்தல், விளம்பரம். 23 என்ற எண்ணிக்கைதான் அவனைப் பயப்படுத்தியது. கிராங்கன்காஸவில் மூன்று மாதம் நிலுவை. அவனே தொலைபேசியில் கதைத்துத் தவணை முறையில் கட்ட ஒழுங்கு செய்தான். நான் கட்டியிருக்கலாம், என்னிடம் காசு இருந்தது. கட்டவில்லை. லேரச் சம்பளம் நின்ற நேரத்தில் சாப்பாடும் வீடும் எங்களுடையது, கடன் அவனுடையது என்று பேசிக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு உணவகத்தில் உதவி வேலை செய்து கட்டி முடித்தான். அதனால் தேத்தண்ணி சனிக்கிழமைக்கு மாறியது.

சனம் என்ன கதைக்கும்?

இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். மார்ச் மாதம் ஒரு கலியாண வீட்டில், தெரிந்த அக்கா ஒருவர் "மூத்தவர் என்ன செய்யிறார்?" என்று கேட்டா. "லேர முடியப்போகுது" என்று சிரித்துக்கொண்டு சொன்னேன். மகன் எனக்குப் பின்னால் நின்றிருக்கிறான்.

காரில் வரும்போது ஒன்றும் கதைக்கவில்லை. வீட்டு வாசலில்தான் கேட்டான்: "நான் ஐஞ்சு கிழமை மறைச்சதுக்குக் கத்தினீங்கள். நீங்கள் என்னத்துக்கம்மா மறைக்கிறீங்கள்?"

பதில் இல்லை. எனக்கும் ஒரு லாச்சி இருந்திருக்கிறது.

அடுத்த கிழமை மச்சாளுக்கு உண்மையைச் சொன்னேன். மச்சாள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் மகள் கிம்னாசியத்தில் இருந்து நின்று ஒன்பது மாதம் வீட்டில் இருந்ததையும், எங்களிடம் "படிக்கிறாள்" என்று சொன்னதையும் சொன்னா. அந்த ஒன்பது மாதமும் நாங்கள் மாதத்துக்கு ஒரு தரமாவது சந்தித்திருக்கிறோம். இரண்டு வீடும் ஒன்றுக்கு ஒன்று பொய் சொல்லிக்கொண்டு மீன்குழம்பு சாப்பிட்டிருக்கிறோம். அவளுக்கு உதவிய 'செமோ' திட்டத்தைப் பற்றி மச்சாளிடம்தான் விபரமாக அறிந்தேன். முன்னமே கதைத்திருந்தால் முன்னமே அறிந்திருப்பேன்.

எங்கள் பெற்றோர் குசினியிலும் துப்புரவு வேலையிலும் நாரி முறிய உழைத்தது, பிள்ளைகள் படித்து முன்னேறவேண்டும் என்றுதான். அதில் பிழை இல்லை. ஆனால் அந்தக் கணக்கை எங்கள் பிள்ளைகள் தலையிலும் வைத்துவிட்டோம். விழுந்தால் தான் மட்டும் விழவில்லை, அம்மம்மாவின் முப்பது வருடமும் விழுகிறது என்று நினைக்கிற பிள்ளை, விழுந்ததை மறைக்கத்தான் பார்க்கும்.

தட்டக்கூடிய கதவுகள்

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இப்படி நின்றுபோனால், நான் தெரிந்துகொண்டவை உதவக்கூடும். மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை வேறுபடும், உங்கள் மாநிலத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொழில் ஆலோசனை நிலையமும் மாநிலத் தொழிற்கல்வி அலுவலகமும் முதல் கதவு. லேரயில் சிக்கல் என்றால் முறிவதற்கு முன்பே அவர்களைக் கூப்பிடலாம், இரு பக்கத்தையும் இருத்திக் கதைப்பார்கள். பரீட்சார்த்த காலம் முடிந்த பிறகு, தகுந்த காரணம் இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் லேர ஒப்பந்தத்தை முறிக்க முடியாது. ஆகவே நீட்டிய தாளில் உடனே கையெழுத்து வைக்காமல், யோசிக்க நாள் கேட்கலாம் என்று பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்.

'செமோ' என்பது தொழிற்கல்வி இடம் இல்லாத இளையோருக்கு, வேலையும் பாடமும் விண்ணப்ப உதவியும் சேர்ந்த இடைக்காலத் திட்டம். வேலையின்மைக் காப்புறுதி அதற்குப் பணம் கொடுக்கிறது. 'ராஃப்' எனும் வேலைவாய்ப்பு அலுவலகத்திலோ தொழில் ஆலோசனை நிலையத்திலோ விசாரியுங்கள். பல சிக்கல் ஒன்றாகச் சேர்ந்தவர்களுக்கு, ஒரே ஆள் தொடர்ந்து கூட நிற்கும் 'கேஸ் மனேஜ்மென்ட்' திட்டமும் பல மாநிலங்களில் இருக்கிறது.

மனநலம் காரணமாகப் பயிற்சி தடைப்பட்டால், 'ஈஃபவ்' காப்புறுதி முதியவர்களுக்கும் விபத்துப்பட்டவர்களுக்கும் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், உளநோய் உள்ள இளையோருக்கான ஆலோசனையையும் துணையையும் விரிவாக்கியது. வைத்தியரிடம் கேளுங்கள்.

கிராங்கன்காஸ கட்டணத்துக்கு மாநிலத்தின் உதவி உண்டு. குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்களில் கல்வி கற்கும் இளையோருக்குக் கட்டணத்தை ஆகக் குறைந்தது பாதியாகக் குறைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சில மாநிலங்களில் தானாக வரும், சிலவற்றில் விண்ணப்பிக்க வேண்டும், திகதி தவறினால் போய்விடும்.

பில் 'பெட்ரைபுங்' வரை போய்க் கட்டளை கையில் வந்தால், கேட்கும் காசு சரியில்லை என்று நினைத்தால், 10 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். அதற்குக் காரணம் எழுதத் தேவையில்லை. காரித்தாஸ் போன்ற அமைப்புகள் கடன் ஆலோசனை தருகின்றன.

பிள்ளை உங்களோடு கதைக்காவிட்டால், வேறு ஒருவரோடு கதைக்க இடம் இருக்கட்டும். ப்ரோ யுவென்டூட்டே அமைப்பின் 147 என்ற இலக்கம் இளையோருக்கானது. 24 மணித்தியாலமும், இலவசமாக, பெயர் சொல்லாமல் கதைக்கலாம். வளர்ந்தவர்களுக்கு 143. இரண்டையும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறோம். ஒட்டும்போது ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒட்டின இடத்தில் இப்பவும் இருக்கிறது.

இவை எல்லாவற்றிலும் பொதுவான ஒன்று உண்டு. பிள்ளைக்கு 18 ஆன பிறகு இந்தக் கதவுகள் பிள்ளை தட்டினால்தான் திறக்கும். எங்களால் செய்யக்கூடியது கதவு வரைக்கும் கூடப் போவதும், உள்ளே போய் வரும்வரை வெளியில் இருப்பதும்தான். தள்ளி நின்று "உன்ர பாடு" என்பதும் உதவி இல்லை, பிடுங்கி நாங்களே செய்வதும் உதவி இல்லை.

இப்போது

ஓகஸ்ட்டில் மகன் வேறு ஒரு நிறுவனத்தில், மூன்றாம் வருடத்தைத் திரும்பவும் தொடங்கினான். தன்னோடு படித்தவர்கள் ஒரு வருடம் முன்னால் போய்விட்டது அவனுக்குக் கவலைதான். வீட்டுச் செலவுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கு தருகிறான். காலையில் சாப்பாட்டுப் பெட்டியை அவனே கட்டுகிறான், பாதி நாள் வெறும் பாணும் சீஸும். அம்மம்மாவுக்கு அது பெரிய மனவருத்தம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். காலையில் எழும்ப அவனுக்கு இன்னும் கஷ்டமான நாட்கள் உண்டு. அந்த நாட்களில் "இன்றைக்கு ஏலாமல் கிடக்கு" என்று சொல்கிறான். அந்தச் சொல்லைக் கேட்கும்போது எனக்குப் பயமும் வருகிறது, நிம்மதியும் வருகிறது.

போன மாதம் அவனுடைய பெயருக்கு ஒரு யன்னல் உறை வந்தது. குசினி மேசையில் வைத்தேன். முதல் நாள் கிடந்தது. இரண்டாம் நாளும் கிடந்தது. நான் அதைச் சுற்றித் துடைத்தேன். மூன்றாம் நாள் இரவு அதைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தான். உடைத்திருந்தான்.

"அம்மா, பிராஞ்சீஸை மாத்த வேணுமெண்டால் எத்தனையாம் திகதிக்குள்ள அறிவிக்கோணும்?"

"அதில எழுதியிருக்கும். இரண்டாம் பக்கத்தைப் பார்" என்றேன்.

பார்த்தான். இருந்தது.